மாடிஃபை செய்த ஸ்போர்ட்ஸ் காரை விற்பது எப்படி? நியாயமான விலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு ஸ்விஃப்ட்டை விற்க அதிகம் மெனக்கெட வேண்டாம். எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்று சொன்னால் போதும், புரோக்கர் போனிலேயே விலை சொல்லிவிடுவார். ஈ.சி.யூ. ரீமேப் செய்து (இன்ஜினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றி), காயில்ஓவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷன்) போட்டு, பிரேக்கையும் மாற்றிய வண்டிக்கு அப்படி யாராலும் சொல்ல முடியாது. விற்பவர் வண்டி விலையோடு தான் செலவழித்ததையும் கூட்டி ஒரு தொகை வைத்திருப்பார். வாங்க வருபவர் "மாடிஃபை பண்ணின வண்டி, என்ன அடி வாங்கியிருக்கோ" என்று சந்தை விலையிலிருந்து கழித்து ஒரு தொகை வைத்திருப்பார். நடுவில் சில லட்சங்கள் இடைவெளி விழும். பேச்சு பெரும்பாலும் அங்கேயே முறிந்துவிடும்.

இருவரும் ஒரே தாளில் ஒரே கணக்கைப் போட்டால் இந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும். அந்தக் கணக்கைப் போடுவது எப்படி, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை என்னென்ன என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230-ஐ எடுத்துக்கொள்கிறேன். 2017-ல் 24.62 லட்ச ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவுக்கு வந்தது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 6 கியர் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). நாடு முழுவதற்கும் வந்தவையே 500 வண்டிகள்தான். 2020-ல் வந்த ஆர்.எஸ். 245 இன்னும் குறைவு, 200 மட்டுமே. எண்ணிக்கை குறைவு என்பதால் தேடி வாங்குபவர்கள் உண்டு. டியூனுக்கு, அதாவது ரீமேப் போன்றவற்றால் சக்தியைக் கூட்டுவதற்கு, நன்றாக இடம்கொடுக்கும் இன்ஜின் என்பதால் மாடிஃபை செய்யாத வண்டியைப் பார்ப்பது அரிது. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும், தொகைகள்தான் மாறும்.

முதல் படி: எப்படி விற்பது என்று முடிவெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு. பொருத்திய பாகங்களோடு அப்படியே விற்கலாம். எல்லாவற்றையும் கழற்றி, ஒரிஜினல் பாகங்களைப் போட்டு ஸ்டாக் வண்டியாக விற்று, கழற்றியதைத் தனியே விற்கலாம். அல்லது ஒரிஜினலைப் போட்டு வண்டியைக் காட்டி, கழற்றிய பாகங்களை "வேண்டுமானால் இந்த விலைக்கு" என்று பக்கத்தில் வைக்கலாம்.

ஒரிஜினல் பாகங்கள் கையில் இருந்தால் மூன்றாவது வழியே சிறந்தது என்பேன். ஸ்டாக் வண்டி தேடுபவரும் வருவார், மாடிஃபை செய்த வண்டி தேடுபவரும் வருவார். அதனால்தான் கழற்றிய சஸ்பென்ஷன், பிரேக் காலிப்பர், டவுன்பைப் (டர்போவிலிருந்து வெளியேறும் புகைக் குழாய்), ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி), அலாய் வீல் எதையும் தூக்கிப் போடக் கூடாது. எடைக்குப் போட்டுவிட்டவருக்கு முதல் வழி மட்டும்தான் மிஞ்சும். பேரத்திலும் அவர் கை தாழ்ந்தே இருக்கும்.

இதில் சட்டத்தின் பங்கும் பெரியது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) இல்லாத டவுன்பைப், ஊரை எழுப்பும் சைலன்சர், ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறான நிறம் ஆகிய மூன்றையும் விற்பதற்கு முன் கட்டாயம் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். புகைச் சான்றிதழில் தொடங்கி பெயர் மாற்றம் வரை தடங்கல் வரக்கூடிய இடங்கள் இவைதான். வேறு நிற ரேப் (பெயின்ட் மேல் ஒட்டும் ஷீட்) ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். கீழே பெயின்ட் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் நல்ல விலை தர மாட்டார்கள்.

இரண்டாம் படி: கோப்பைத் தயார் செய்யுங்கள்

மாடிஃபை செய்த வண்டியில் வாங்குபவர் பயப்படுவது பாகங்களைப் பார்த்து அல்ல. யார் பொருத்தினார்கள், எப்படி ஓட்டினார்கள் என்பது தெரியாததுதான் அவருடைய பயம். அந்தப் பயத்துக்குத்தான் அவர் விலையைக் குறைக்கிறார். அதனால் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு தாளும் உங்களுக்குப் பணம்.

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், இரண்டு சாவி, சர்வீஸ் பில்கள் எல்லா வண்டிக்கும் வேண்டியவை. கடன் இருந்து முடித்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யிலிருந்து ஹைப்போதிகேஷனை (வங்கிக் கடன் குறிப்பை) நீக்கிவிடுங்கள். கடன் கட்டி முடித்ததும் அது தானாகப் போய்விடும் என்று நினைத்திருப்பவர்கள் பலர். அரசின் பரிவாகன் தளத்தில் இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள்.

மாடிஃபை செய்த வண்டிக்கு இதற்கு மேலும் சில வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் பில், பொருத்திய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், பொருத்திய கடை. ரீமேப் யாருடையது, எந்த ஸ்டேஜ் (எந்த அளவுக்குச் சக்தியைக் கூட்டியது), எந்த ஆக்டேன் (நாக் அடிக்காமல் தாங்கும் தரம்) பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்பதையும் குறித்துவையுங்கள். டைனோ ஷீட் (இன்ஜின் சக்தியை அளந்த தாள்) இருந்தால் அதுவும் கோப்பில் இருக்கட்டும்.

ஆக்டேன் விஷயத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 100 ஆக்டேனுக்கு எழுதிய ரீமேப் ஃபைலோடு வண்டியை வாங்கிப் போகிறவர் ஊரில் அந்தப் பெட்ரோல் கிடைக்காமல் போகலாம். இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்.பி. 100 எல்லா பங்க்கிலும் இல்லை. சாதா பெட்ரோலை ஊற்றி ஹைவேயில் மிதித்தால் இன்ஜின் நாக் அடிக்கும் (பெட்ரோல் நேரம் தவறி எரியும்), ஈ.சி.யூ. இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், வண்டி மந்தமாகும். அவர் உங்களைத்தான் திட்டுவார். எனவே ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்ற முடியுமா, எங்கே, எவ்வளவு செலவாகும் என்பதையும் எழுதிவையுங்கள். ரீமேப் செய்த ஈ.சி.யூ.வை ஃபோக்ஸ்வாகன் குழும (ஸ்கோடாவும் அதில் ஒன்று) சர்வீஸ் சென்டரின் கணினி அடையாளம் கண்டால் 'டி.டி.1' என்ற குறி விழும், வாரன்டி மறுக்கப்படலாம். வாரன்டியோ எக்ஸ்டெண்டட் வாரன்டியோ மிச்சமிருக்கும் வண்டியென்றால் இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

மூன்றாம் படி: வண்டியை நீங்களே முதலில் சோதியுங்கள்

வாங்குபவர் எப்படியும் ஒரு மெக்கானிக்கோடு வருவார். அவர் கண்டுபிடிக்கப் போவதை முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தால், அவர் சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டியிருக்காது.

இந்த ஆக்டேவியாவில் எங்கே பார்ப்பார் என்று சொல்கிறேன். பானெட்டைத் திறந்ததும் டார்ச்சை இன்ஜினின் பக்கவாட்டில் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே அடிப்பார். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் பாகம் அங்கேதான் இருக்கிறது. இந்த இன்ஜின் குடும்பத்தில் அது கசிவது தெரிந்த குறை. சொட்டுச் சொட்டாகக் கசிந்து காய்ந்த கூலன்ட், பக்கத்தில் இளஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். துணியால் துடைத்துவைப்பதில் பயனில்லை, கூலன்ட் டேங்கின் அளவுக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து டி.எஸ்.ஜி. ஆயில். இந்த 6 கியர் வெட் கிளட்ச் (ஆயிலில் மூழ்கிய கிளட்ச்) கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். டியூன் செய்த வண்டியில் அதற்கு முன்பே மாற்றியிருந்தால் அது பெரிய நம்பிக்கை தரும். பிறகு டர்போவின் இன்டேக் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்ப்பார். லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் பரவாயில்லை, வழிந்தால் கேள்வி வரும்.

கடைசியாக ஸ்கேனரை மாட்டுவார். எரர் கோடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. நல்ல மெக்கானிக் கோடுகளை மட்டும் பார்ப்பதில்லை, ரெடினெஸ் மானிட்டர்களையும் (வண்டியின் கணினி தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டுபவை) பார்ப்பார். எரர் கோடுகளை அழித்தால் அவையும் அழிந்துவிடும். பலவிதமாக ஓட்டிய பிறகுதான் திரும்ப 'ரெடி' என்று காட்டும். எல்லாம் 'நாட் ரெடி' என்று நின்றால், இன்று காலைதான் அழித்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

நீங்களே ஒரு பொதுவான பட்டறையில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை) எடுத்து, நாலு சிலிண்டர் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செலவு சொற்பம். டியூன் செய்த இன்ஜினைப் பற்றிய மிகப் பெரிய சந்தேகத்துக்கு அந்த ஒரு தாள் பதில் சொல்லிவிடும். பாக்கி வேலைகளுக்கும் அதே பட்டறையில் எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் விற்பதற்கு முன் செய்துமுடிக்க வேண்டும் என்பதில்லை. கசிவு, எச்சரிக்கை விளக்கு போன்றவற்றைச் சரிசெய்துவிடுங்கள். டயர், பெயின்ட் கீறல் போன்றவற்றை எஸ்டிமேட்டோடு விட்டுவிட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். புது டயர் போட்டதற்கு அதே அளவு விலை கூடிவிடாது.

நான்காம் படி: விலைக் கணக்கு

இந்தப் படியில் நிதானம் வேண்டும். நீங்கள் செலவழித்த தொகை வாங்குபவருக்குச் சம்பந்தமில்லாதது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அதை முதலில் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் ஸ்டாக் வண்டி.

அதே மாடல், அதே வருஷம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர், அதே எண்ணிக்கை ஓனர் உள்ள, மாடிஃபை செய்யாத வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் கிடக்கிறதென்றால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். விற்றுவிட்டவர்களை அழைத்து "கடைசியில் எவ்வளவுக்கு முடிந்தது" என்று கேட்டால் பலரும் சொல்லிவிடுவார்கள். டீலர் சொல்லும் விலையையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை உங்கள் விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு லாபம் வேண்டும், பதிவுபெற்ற டீலர் தன் மார்ஜின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், மாடிஃபை செய்த வண்டி அவர் யார்டில் அதிக நாள் நிற்கும். இத்தனையும் உங்கள் விலையிலிருந்துதான் கழியும்.

வண்டியின் நம்பரும் விலையைத் தொடும். தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டிய வண்டியைத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால் அவருக்கு வரிச் செலவு இல்லை. பெங்களூர்க்காரரோ கொச்சிக்காரரோ வாங்கித் தன் மாநிலத்தில் பதிவுசெய்தால் அங்கே வரி கட்ட வேண்டும். அதை அவர் உங்கள் விலையில்தான் கழிப்பார். அதனால் முதலில் உள்ளூரில் தேடுவது லாபம்.

இனி கணக்குக்கு வருவோம். தொகைகள் முறையை விளக்குவதற்காக நான் போட்டவை, சந்தை நிலவரம் அல்ல.

ஸ்டாக் வண்டியின் கைமாறும் விலை 18,00,000 என்று வைத்துக்கொள்வோம். டயரில் பாதி தேய்மானம், டி.எஸ்.ஜி. ஆயில் பாக்கி, பம்பர் பெயின்ட் எல்லாம் சேர்ந்து எஸ்டிமேட் 50,000. கழித்தால் 17,50,000. ஒரிஜினல் பாகங்களோடு இருந்தால் இந்த வண்டியின் விலை இதுதான்.

அடுத்து பாகங்கள். காயில்ஓவர் வாங்கியது 1,60,000, பிரேக் கிட் 2,20,000, டவுன்பைப் 60,000, ரீமேப் 70,000, ரேப் 90,000. மொத்தம் 6,00,000. பொருத்துகூலி தனி. இவற்றில் கழற்றித் தனியே விற்கக்கூடியவை எவை? காயில்ஓவர், பிரேக், டவுன்பைப். பழைய பாகமாக அவை 80,000, 1,10,000, 25,000 என்று போகும் என்றால் மொத்தம் 2,15,000. ரீமேப் இந்த ஈ.சி.யூ.வுக்குள் இருக்கிறது, கழற்ற முடியாது, அதற்குத் தனி விலை இல்லை. ரேப்புக்கும் இல்லை. பொருத்துகூலியும் போனது போனதுதான். 6 லட்சம் 2,15,000 ஆகிவிட்டது. பலருக்கும் ஏற்கக் கஷ்டமான இடம் இது.

இப்போது இரண்டு எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழற்றி ஸ்டாக் ஆக்க 25,000 கூலி என்றால், பாகங்களைத் தனியே விற்று உங்கள் கைக்கு வருவது 1,90,000. ஆக, தனித்தனியாக விற்றால் மொத்தம் 19,40,000 கிடைக்கும். வண்டியை மொத்தமாக இதற்குக் கீழே கொடுத்தால் உங்களுக்கு நஷ்டம். வாங்குபவர் பக்கம் பாருங்கள். இதே நிலையில் ஒரு ஸ்டாக் வண்டியை 17,50,000-க்கு எடுத்து, இதே பாகங்களைப் பழையதாக 2,15,000-க்கு வாங்கி, 25,000 கூலி கொடுத்துப் பொருத்தினால் அவருக்கு 19,90,000 ஆகும். அதற்கு மேல் உங்களுக்குக் கொடுக்க அவருக்குக் காரணமே இல்லை.

நியாயமான விலை 19,40,000-க்கும் 19,90,000-க்கும் இடையே எங்கோ இருக்கிறது. இடைவெளி வெறும் 50,000. இரண்டு பேரும் ஒருவர் 24 லட்சத்திலும் மற்றவர் 16 லட்சத்திலும் நின்று பேச வேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் கணக்கு, அந்தப் பாகங்கள் வேண்டும் என்று வருபவருக்கு மட்டும்தான். பிரேக் மட்டும் வேண்டும் என்பவருக்கு பிரேக்கை மட்டும் கூட்டுங்கள். எதுவுமே வேண்டாம் என்பவருக்கு 17,50,000-தான் விலை, ஒரிஜினல் பாகங்களைப் போட்டுக் கொடுக்கும் கூலி உங்களுடையது. ஒரிஜினல் பாகங்களைத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் அவற்றைப் பழையதாகத் தேடி வாங்கும் செலவை உங்கள் எல்லையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். டவுன்பைப்பைப் பொறுத்தவரை, வண்டியில் ஒரிஜினல்தான் இருக்க வேண்டும். மற்றதைப் பாகமாகத் தனியே கொடுங்கள்.

விலையைத் தூக்கும் பாகம் எது, இறக்குவது எது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. பேர்பெற்ற பிராண்ட் சஸ்பென்ஷன், பிரேக், ஃபோர்ஜ்டு அலாய் ஆகியவை மதிப்பைப் பிடித்துவைக்கும். பேர் தெரியாத பிராண்ட் காயில்ஓவர், ஒட்டவைத்த ஃபெண்டர், வெட்டி இணைத்த வயரிங் ஆகியவை ஸ்டாக் விலைக்கும் கீழே இழுக்கும். வெட்டிய வயரிங்கை மட்டுமாவது விற்பதற்கு முன் ஒழுங்காகச் சரிசெய்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: விளம்பரம்

பத்து வரியில் நேராக எழுதுங்கள். மாடல், வருஷம், ஓனர் எண்ணிக்கை, கிலோமீட்டர், பதிவு மாவட்டம், இன்ஷூரன்ஸ் முடியும் தேதி. பிறகு பாகங்கள், அவை ஓடிய கிலோமீட்டரோடு. அதன் பிறகு குறைகள். "இடது பின் கதவில் டிங்கரிங் பார்த்து ரீபெயின்ட் செய்தது", "முன் பம்பரில் கல் அடித்த புள்ளிகள்" என்று நீங்களே எழுதிவிட்டால், நேரில் வந்து அதைக் காட்டி யாரும் குறைக்க முடியாது. "ஸ்டேஜ் 2 மான்ஸ்டர்", "ரோட்டில் இதை அடிக்க ஆளில்லை" போன்றவை வேண்டாம். நல்ல விலை கொடுக்கக்கூடியவர் அதைப் படித்ததும் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

ட்ராக்கில் ஓட்டியிருந்தால் சொல்லிவிடுங்கள். செட்டிபாளையம் கரி ட்ராக்கிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ட்ராக் டேயில் ஓட்டிவிட்டு, உடனே ஆயிலும் பிரேக் ஃப்ளூயிடும் மாற்றிய வண்டி, தினமும் குளிர்ந்த இன்ஜினோடு ஆக்ஸிலரேட்டரை அமுக்கி எடுத்த வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கும். விஷயம் தெரிந்தவருக்கு இது புரியும். மறைத்து, பிறகு அவர் யாருடைய போட்டோவிலாவது உங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

போட்டோவில் வண்டியின் நாலு பக்கம், இன்டீரியர், ஓடோமீட்டர், டயர் த்ரெட், ஒவ்வொரு குறை, கழற்றிவைத்த ஒரிஜினல் பாகங்கள் எல்லாம் இருக்கட்டும்.

ஆறாம் படி: காட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

வருபவரைக் காலையில் வரச் சொல்லுங்கள், இன்ஜினைச் சூடாக்கிவைக்காதீர்கள். அவர் பானெட்டில் கை வைத்துப் பார்த்து, பிறகு ஸ்டார்ட் செய்யட்டும். கோல்டு ஸ்டார்ட்டில் செயின் சத்தம் இல்லை, புகை இல்லை என்று அவர் காதாலும் கண்ணாலும் தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது.

லைசென்ஸைப் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். முதலில் நீங்கள் ஓட்டுங்கள், இன்ஜின் சூடான பிறகு அவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். கோவையில் என்றால் அவினாசி ரோடு டிராஃபிக்கில் கொஞ்சம், நீலாம்பூர் தாண்டி ஹைவேயில் கொஞ்சம். ஊர்ந்து போகும்போதுதான் டி.எஸ்.ஜி. உதறுகிறதா என்று தெரியும். லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாயும் வசதி) போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். முடியாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். விற்பனை முடியும் வரை வண்டி உங்களுடையது, ரோட்டில் நடப்பதற்குப் பொறுப்பும் உங்களுடையது. போலோ, ஆக்டேவியா என்று தேடி வரும் இளைஞர்கள் பலருக்கு இந்தச் சக்தி புதிது. ஒரு கணம் அசந்தால் உயிர்ச்சேதம். வாங்குவதற்கு ஆள் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, இதில் மட்டும் இளகக் கூடாது.

ஏழாம் படி: பேரம்

முதலில் தாளை மேசையில் வைத்துவிடுங்கள். ஸ்டாக் விலை, கழிவு, பாகங்கள் என்று நான்காம் படியில் போட்ட கணக்குதான். உங்கள் கீழ் எல்லையை மட்டும் எழுத வேண்டாம். திருப்பூரிலிருந்து மெக்கானிக்கோடு வந்திருக்கும் ஒருவரோடு பேச்சு இப்படிப் போகலாம்.

"பதினேழரைக்கு முடிச்சுக்கலாங்ணா. டியூன் பண்ணின வண்டி, இன்ஜின் எப்படி இருக்குமோ."

"இன்ஜினுக்கு கம்ப்ரஷன் ரிப்போர்ட் இதுல இருக்கு தம்பி, உங்க மெக்கானிக் கையில குடுங்க. பதினேழரை ஸ்டாக் வண்டிக்குச் சரியான வெலைதான். அப்ப பிரேக்கையும் காயில்ஓவரையும் கழட்டிட்டு ஒரிஜினல் போட்டுத் தந்துடறேன். சரிங்களா?"

"இல்லீங்ணா, பிரேக் வேணும்."

"அப்ப பிரேக்குக்கு என்ன போடலாம்னு நீங்களே சொல்லுங்க. புதுசு ரெண்டு இருபது. பழசு வெளிய என்ன போகுதுன்னு உங்க மெக்கானிக்குக்கே தெரியும்."

இங்கே பேரம் மொத்த வண்டியிலிருந்து ஒரு பாகத்துக்கு இறங்கிவிட்டது. மெக்கானிக் ஒரு தொகை சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள், வித்தியாசம் 20,000-க்குள்தான் இருக்கும். அவர் புதிதாக ஒரு குறை கண்டுபிடித்தால் மறுக்காதீர்கள். எஸ்டிமேட் வாங்கிக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் "கடைசியா எவ்வளவு குறைப்பீங்க" என்று கேட்பவரிடம் தாளில் எந்த வரி தவறு என்று கேளுங்கள். அவர் ஒரு வரியைக் காட்டினால் பேசலாம். காட்டாவிட்டால் அவர் இந்த வண்டிக்கான ஆள் இல்லை.

விலையை எவ்வளவு ஏற்றி வைப்பது? பேரத்துக்கு இடம் விடாமல் யாரும் நம் ஊரில் வண்டி விற்பதில்லை. மேல் எல்லையை ஒட்டியே சொல்லுங்கள். 19,90,000 நியாயமான உச்சம் என்றால் 19,90,000 சொல்வதே போதும். 23 லட்சம் என்று தொடங்கினால் சரியான ஆள் போனே செய்ய மாட்டார்.

எட்டாம் படி: எழுத்தும் பணமும்

விலை முடிந்ததும் டோக்கன் அட்வான்ஸ் வாங்கி, ரசீதில் முழு விலை, மிச்சம் கட்ட வேண்டிய தேதி, அவர் பின்வாங்கினால் என்ன, நீங்கள் பின்வாங்கினால் என்ன என்பதை எழுதிக்கொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தோடு பாகங்களின் பட்டியலை இணைத்து, ரீமேப் உட்பட எல்லா மாற்றமும் சொல்லித்தான் விற்கப்பட்டது என்று இருவரும் கையெழுத்திடுங்கள். பின்னாளில் "எனக்குச் சொல்லவே இல்லை" என்ற பேச்சு வராது.

2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் பணத்தை வாங்கியவருக்கு, அதாவது விற்பவருக்குத்தான். பாதி கேஷ், பாதி பேங்க் என்று சொல்பவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஆர்.டி.ஜி.எஸ். போட்டுக் கணக்கில் ஏறியதை உங்கள் பேங்க் ஆப்பில் நீங்களே பார்த்த பிறகு சாவி கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும் மணி நிமிஷமாக இருக்கட்டும். அன்று மாலை விழும் சலான் யாருடையது என்ற சண்டையை அந்த ஒரு வரி தீர்த்துவைக்கும்.

ஒன்பதாம் படி: பெயர் மாறும் வரை விடாதீர்கள்

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டு புரோக்கரிடம் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த மாதிரி வண்டி எப்படி ஓட்டப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வண்டி 2007-ல் விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறிப் போய், 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவே இல்லை. இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவில் உள்ள முதல் ஓனருக்கே என்று நீதிமன்றம் சொன்னது. விற்று இரண்டு வருஷம் ஆகியும் அவரால் தப்ப முடியவில்லை.

சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். வெளி மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. வாங்க வேண்டும். பரிவாகன் தளத்தில் விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டுவிடுவதே எளிது. கட்டணம் கட்டிய ரசீது வந்த பிறகு வண்டியை அனுப்புங்கள். டீலருக்கு விற்றால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி அவர் அங்கீகாரம் பெற்ற டீலரா என்று பாருங்கள். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்தால் பொறுப்பு அவருக்குப் போய்விடும்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவரிடம் சொல்லுங்கள். பாலிசியில் பாகங்களை அறிவிக்காமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், புதுப் பாலிசியில் அவர் முடிவெடுத்துக்கொள்வார். நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. கம்பெனியிடம் கேட்டு அதற்கான சான்றிதழை வாங்கிவைத்தால் 3 வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் என்பதால் சில பத்தாயிரங்கள் மிச்சமாகும்.

ஃபாஸ்டேகை அன்றே மூடிவிடுங்கள், இல்லையென்றால் அவர் போகும் டோல் உங்கள் கணக்கில் கழியும். ரீமேப் லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் டியூனரிடம் சொல்லி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். காயில்ஓவரின் சி-ஸ்பேனர், லாக்கிங் வீல் போல்ட்டின் சாவி, ஸ்பேசர் பெட்டி போன்ற சின்னப் பொருள்களை டிக்கியில் வைத்து அனுப்புங்கள். அந்த லாக் சாவி இல்லாமல் ஹைவேயில் பஞ்சர் ஆனால் அவரால் டயரைக் கழற்றவே முடியாது. பிறகு வாரம் ஒருமுறை பரிவாகனில் உங்கள் வண்டி நம்பரைப் போட்டு, ஓனர் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மாறியதும் அந்தப் பக்கத்தை அச்சிட்டு ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.